மீசை வைத்த ராக்கியண்ணன்

தம்பி,

நான்கு வரியில் ஓர் ஆசியுரை கேட்டிருக்கிறாய். முதன்முதலில் ராக்கியண்ணனை வரைந்த நான் சம்மதித்து எழுதிக் கொடுத்தால்தான் மதுரை அச்சகத்தார் உன் சித்திரக்கதையைப் புத்தகமாகப் போடுவார்கள் என்றும், புத்தகம் வந்தால் உடும்பஞ்சோலை ஏலக்காய் ஸ்டோர் வேலையை விட்டுவிட்டு மதுரைக்கே போய்ப் படம் போட்டுப் பிழைக்கப் போவதாகவும், நான் முடியாது என்று சொன்னால் பேசாமல் ஏலக்காயையே எடைபோட்டுக்கொண்டு இருந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறாய். கடைசி வாக்கியம் உன் அம்மாவை அழவைப்பதற்காகச் சேர்த்தது என்று எனக்குத் தெரியும். அவள் அழவில்லை. "இவனுக்கு இந்த வித்தையெல்லாம் உங்ககிட்ட இருந்துதானுங்க வந்துருக்குது" என்றாள். நான்கு வரியில் நான் எதையும் சொல்லி முடித்ததில்லை. ஆகவே இதைக் கடிதமாகவே எழுதுகிறேன். சம்மதமா இல்லையா என்பது இதற்குள்ளேயே வரும். அச்சகத்தார் விரும்பினால் இதையே புத்தகத்தின் முன்னால் போட்டுக்கொள்ளட்டும், ஒரு சொல்லையும் வெட்டாமல்.

புத்தகம் வாங்கும் பிள்ளைகளுக்கு ராக்கியண்ணன் யார் என்று தெரியாமல் இருக்கலாம். யுத்த காலத்தில் பிறந்தவன் அவன். கொழிஞ்சாம்பாறைக்கும் எலப்புள்ளிக்கும் நடுவே நம் ஊர்ப் பக்கமாக ஒரு எல்லைக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. கோட்டுக்குக் கிழக்கே கொச்சி ராஜாவின் சர்க்கார், மேற்கே வெள்ளைக்காரனுடைய மலபார். அரிசிக்குக் கட்டுப்பாடு வந்து, இந்தப் பக்கத்து அரிசி அந்தப் பக்கம் போகக்கூடாது என்று ஆள் போட்டிருந்தார்கள். நான் பி.ஏ. முடித்து, பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குப் பெரிய சாம்ராஜ்யங்களின் எல்லைகளைப் படம் போட்டுக் காட்டிவிட்டு வீட்டுக்கு வரும் வழியில், ஒரு படி அரிசிக்காகக் காவலாளியிடம் கெஞ்சுகிற ஆட்களைப் பார்ப்பேன். ஒருநாள் தோன்றியது: ஒருவனுடைய வீட்டுக்குள்ளேயே அந்தக் கோடு ஓடினால்? கிழக்கு வாசல் கொச்சியில், மேற்கு வாசல் மலபாரில். அரிசிப் பானை ஒரு சர்க்காரில், அடுப்பு இன்னொரு சர்க்காரில். அப்படித்தான் ரெட்டைவாசல் ராக்கியண்ணன் வந்தான்.

முதல் வாரப் படம் எனக்கு இன்னும் மனப்பாடம். மூன்று கட்டங்கள். காவலாளி வீட்டுக்குள் புகுந்து, "அரிசி இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது" என்கிறான். ராக்கியண்ணன் தலையைச் சொறிகிறான். கடைசிக் கட்டத்தில் அவனும் அவன் மனைவியும் ஆளுக்கொரு பக்கமாக அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "அரிசி அங்க போவக்கூடாதுன்னா அடுப்பு இங்க வந்துட்டுப் போவுதுங்க, அதுக்கென்னங்க?" கோயமுத்தூர் வாரப் பத்திரிகையில் அது வந்த வாரம், நம் சித்தூர்ச் சந்தையில் ஒருத்தர் என்னைக் கைகாட்டி, "அடுப்புத் தூக்கி வாத்தியார் போறாரு பாருங்க" என்றார். எனக்குக் கிடைத்த பட்டங்களில் பல்கலைக்கழகம் கொடுத்ததைவிட நான் அதிகம் மதிப்பது அதைத்தான்.

இனி, நான் மறக்காதவர்களைப் பற்றி. நான் எதையும் மறப்பதில்லை என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அது உண்மைதான், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. மறக்காமல் இருப்பதற்குத்தானே சரித்திரம் படித்தேன்? பத்திரிகை நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோது அதன் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் ஆளுக்கு முகத்தில் ஒரு கம்பீரம் இல்லையே, எப்போதும் பயந்தவன் மாதிரி இருக்கிறானே" என்றார். பயப்படுகிறவன்தானே யோசிப்பான் என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார், காப்பி வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் என் படங்கள் திரும்பி வந்தன. ராக்கியண்ணன் மட்டும் பத்திரிகையில் தொடர்ந்து வந்தான், வேறொரு கையால், ஒரு பெரிய மீசையோடு. அந்த ஓவியர் வாளையாற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று கேள்வி. வந்திருந்தால் வீட்டுக்குள் ஓடிய கோட்டை அழித்துவிட்டு ராக்கியண்ணனை வாழைப்பழத் தோலில் வழுக்கி விழவைத்திருக்க மாட்டார். வாராவாரம் விழுந்தான் தம்பி. எல்லையே இல்லாத ஊரில், இரண்டு வாசல் எதற்கு என்றே தெரியாமல், மீசையை முறுக்கிக்கொண்டு விழுந்தான். ஜனங்கள் சிரித்தார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்தப் பத்திரிகையை அதன்பின் நான் வீட்டுக்குள் விடவில்லை. அது மூடப்பட்ட செய்தி வந்த அன்று உன் அம்மாவைப் பாயசம் வைக்கச் சொன்னேன். "எதுக்குங்க?" என்றாள். "வையி" என்றேன். வைத்தாள், ஆனால் சர்க்கரையைக் குறைத்துப் போட்டாள். இன்னொருவரின் கெடுதிக்குச் செய்கிற பாயசம் அவ்வளவு இனித்தால் போதும் என்று அவள் கணக்கு. என் பள்ளித் தலைமையாசிரியரையும் நான் மறக்கவில்லை. பொம்மை வரைகிறவனுக்குப் பதவி உயர்வு எதற்கு என்று மேலிடத்துக்கு எழுதியவர் அவர். உன் மாமனையும், அதாவது உன் அம்மாவின் தம்பியையும், மறக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, எந்த விசேஷத்தில் பார்த்தாலும் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "மச்சான், மீசை வெச்ச பொறவுதான் உங்க ஆளு ஆளானானுங்க" என்று சொல்லி, பக்கத்து இலைக்காரரையும் சிரிக்க வைப்பான். அவனுக்குப் பரிமாறுகிறபோது மட்டும் ரசத்தைக் கலக்காமல் ஊற்றச் சொல்லி நான் ஒரு தடவை சமையல்காரரிடம் சொல்லியிருக்கிறேன். நீ இதை அவனிடம் சொல்லலாம். எப்படியும் அச்சில் வரத்தானே போகிறது.

இதையெல்லாம் சுமந்துகொண்டிருக்கிற மனிதனுக்குத்தான் உன் பார்சல் வந்தது. நாற்காலியை வாசலில் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உறையைப் பிரித்தேன். முதல் பக்கம். பெரிய கட்டம். ஒரு ஜீப். ஜீப்பின் மீது ஒரு கால் வைத்து நிற்கிறான் ராக்கியண்ணன்.

மீசையோடு.

என் மகன், என் ராக்கியண்ணனை உயிர்ப்பிக்கிறேன் என்று சொல்லி, வாளையாறு தாண்டாத அந்த ஆளுடைய ராக்கியண்ணனை உயிர்ப்பித்திருக்கிறான். நான் அதற்கு மேல் புரட்டவில்லை. தாள்களை உறைக்குள் திருப்பித் திணித்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, படிச்சாச்சுங்களா?" என்றாள். "படிச்சாச்சு. உன் தம்பி ஊட்டுல வளர்ந்த பையன் வேற எப்படி வரைவான்?" என்றேன். உண்மையும் அதுதானே? நீ எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலத்தில் என் ராக்கியண்ணன் போய், மீசைக்காரன் வந்துவிட்டான். பள்ளிக்கூட லீவில் மாமன் வீட்டுக்குப் போவாய். அவன் அந்தப் பத்திரிகைகளை எல்லாம் தைத்துக் கட்டி வைத்திருந்தான், என்னைச் சீண்டுவதற்காகவே. அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு அந்த மீசையைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் நீ கை பழகினாய். ஒரு தடவை வீட்டுக்கு வந்து சுவரில் கரியால் அதை வரைந்தபோது நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. உனக்கு ராக்கியண்ணன் என்றால் அந்த முகம்தான். இது உன் தவறு இல்லை என்று என் மூளைக்குத் தெரிந்தது. மூளைக்குத் தெரிவதெல்லாம் உடனே வயிற்றுக்கு இறங்குவதில்லை.

அன்றைக்கே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். முடியாது என்ற ஒரே வரிதான். தபாலில் போடக் கொடுத்தேன், உன் அம்மாவிடம். அது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. உனக்கு வந்து சேரவில்லை என்பது மட்டும் தெரியும். இரண்டு நாள் கழித்து நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வருகிறேன், அடுப்படியில் சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரி வந்திருப்பாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், பீரோ சாவி அவள் மடியில், உன் தாள்கள் அவள் கையில், தாளிப்பு கருகிக்கொண்டிருக்கிறது, அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"கடுகு தீயுது" என்றேன்.

"தீயட்டுமுங்க. ஏனுங்க, நிலாவுல போயி ஊடு கட்டிட்டானுங்க உங்க ஆளு!"

"அவன் என் ஆள் இல்லை."

"நீங்க மீசையிலயே நின்னுட்டீங்க. உள்ளார போயிப் பாக்கோணுமல்ல? வாசல்ல நின்னுட்டு ஊடு நல்லால்லைன்னா எப்புடிங்க?"

நின்றுகொண்டே வாங்கிப் படித்தேன். ஐந்தாவது பக்கத்தில் உட்கார்ந்தேன். தம்பி, நீ செய்திருப்பதை எனக்கே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று. ஐம்பத்தாறில் கொச்சியும் மலபாரும் ஒன்றாகிக் கேரளமாகிவிட்டது. வீட்டுக்குள் ஓடிய கோடு போய்விட்டது. வரி வசூலிக்க வந்தவன் கிழக்கு வாசலில் தட்டுகிறான், ராக்கியண்ணன் பழக்க தோஷத்தில் மேற்கு வாசல் வழியாக ஓடுகிறான், அங்கேயும் அதே ஆள் நிற்கிறான். அந்தக் கட்டத்தில் அவன் முகத்தை நீ வரைந்திருக்கிறாயே, அது என் ஆளுடைய பழைய முகம். இந்த இரண்டு வருஷமாக நான் யோசித்து யோசித்து விடை காணாத கேள்வி அது: எல்லையே போனபிறகு எல்லைக்காரன் என்ன செய்வான்? அவனை வைத்து மறுபடி வரையலாம் என்று எனக்கே ஆசை இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எல்லை போனதோடு அவன் கதையும் முடிந்தது என்று விட்டுவிட்டேன். நீ அவனை மூட்டை கட்டி உன் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய், கேரளத்துக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் நடுவே இப்போது எல்லை இருக்கிற இடத்துக்கு.

போடிமெட்டுச் சோதனைச்சாவடிக் காட்சியைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். போன வருஷம் நான் உன்னைப் பார்க்க வந்தபோது நாம் இரண்டு பேரும் அந்த பஸ்ஸில் இருந்தோம். மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை, கீழே போடிப் பக்கம் வீடு என்றிருந்த ஒரு பெண்ணிடம் காவலர், வீடு எந்தப் பக்கம் என்று மலையாளத்தில் கேட்டார். அவள் கூடையை இறக்கிக்கூட வைக்காமல், "வவுத்துக்கு இங்கிட்டு, படுக்கைக்கு அங்கிட்டு. எங்கிட்டுன்னு எழுதுவீகளோ எழுதிக்கிருங்க சாமி" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நீ சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பனியில் உனக்குக் குளிர்கிறது என்று நினைத்து என் துண்டைக் கொடுத்தேன். நீ அப்போதே அவளை வரைந்துகொண்டிருந்திருக்கிறாய். ஒரு திருத்தம் மட்டும்: அந்தப் பதிலை ராக்கியண்ணன் வாயில் வைத்திருக்கிறாய். அவன் நம் ஊர்க்காரன். "வவுத்துக்கு இக்கட்டங்க, படுக்க அக்கட்டங்க" என்றுதான் சொல்லுவான். அல்லது அவளையே பேசவிட்டு, அவன் பக்கத்தில் நின்று கேட்கட்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. அவனை எப்போதும் புத்திசாலியாக்காதே. எப்போதும் புத்திசாலியாக இருக்கிறவனை ஜனங்கள் மதிப்பார்கள், ஆனால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். இது எனக்குச் சொந்த அனுபவம்.

பிறகு அந்த ராக்கெட். ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற வண்டி என்று நினைத்து ஏறிப் படுத்துத் தூங்கி நிலாவில் கண் விழிக்கிறான் என்பது நடக்கக்கூடிய காரியமே அல்ல. சரித்திர ஆசிரியன் என்ற முறையில் ஆட்சேபிக்கிறேன். பூகோள ஆசிரியரையும் கேட்டேன், அவரும் ஆட்சேபித்தார். ஆனால் நிலாவில் இரண்டு பெரிய தேசத்து ஆட்களும் ஆளுக்கொரு கொடியை நட்டு, நடுவே ஒரு கோடு கிழித்துவிட்டு, "நீ எந்தப் பக்கம்?" என்று அவனைக் கேட்கிறார்களே, அங்கே அவன் பேசாமல் மண்வெட்டியை எடுத்து, கோட்டின் மேலேயே கடைக்கால் தோண்ட ஆரம்பிக்கிறானே, அங்கே நான் சிரித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடைசிக் கட்டத்தில் இரண்டு தேசத்துச் சிப்பாய்களும் ஆளுக்கொரு வாசலில் தட்டோடு உட்கார்ந்திருக்க, நடுவே ஒரே அடுப்பில் சோறு கொதிக்கிறது. "வரிக்குக் கெழக்கால வந்தீங்கன்னா மேக்கால இருப்பனுங்க. மேக்கால வந்தீங்கன்னா கெழக்கால இருப்பனுங்க. சோத்துக்கு எந்தப் பக்கம் வந்தாலும் இருப்பனுங்க." இதை நான் எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். எழுதியிருக்கமாட்டேன் என்றும் எனக்குத் தெரியும். என் கோடு எலப்புள்ளியைத் தாண்டியதில்லை.

ஆனாலும் மீசை இருக்கிறதே. அதை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உன் கடைசிப் பக்கத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து அப்படியே நகலெடுத்து, மீசையை மட்டும் விட்டுவிட்டேன். என் பழைய ராக்கியண்ணன் முகத்தை அந்த இடத்தில் வைத்தேன். நீண்ட காலத்துக்குப் பிறகு வரைந்தாலும் கை மறக்கவில்லை. நன்றாகவே வந்தது. கொண்டுபோய் உன் அம்மாவிடம் நீட்டினேன். தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

"இது யாருங்க? உங்க ஹெட்மாஸ்டருங்களா?"

அன்று மாலை டிபனை நான் முழுதாகச் சாப்பிடவில்லை. தாளையும் உன் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. என் ராக்கியண்ணன் வாயால் சிரிப்பான், வாயால் பயப்படுவான். எல்லாம் அந்த வாயில்தான் நடக்கும். நீ மீசையால் வாயை மூடிவிட்டாய். ஆகவே எல்லாவற்றையும் கண்ணில் கொண்டுவர வேண்டியதாயிற்று உனக்கு. அந்த ஓவியர் மீசையை வைத்தாரே ஒழிய, கண்ணை வரைய அவருக்குத் தெரியாது. இரண்டு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் கண் உன்னுடையது. நிலாவில் கொடிகளுக்கு நடுவே நிற்கும்போது அந்தக் கண்ணில் என் ஆளுடைய பயம் முழுவதும் இருக்கிறது, அந்த ஆசிரியர் கேட்ட கம்பீரமும் இருக்கிறது. என் ஆளை அந்த ஓவியருடைய மீசைக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருக்கிறாய். தெரிந்து செய்தாயா என்று கேட்கப் போவதில்லை. தெரியாமல் செய்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

மதுரைக்குப் போகிறாய். ஆகவே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டம் போடுவதற்கு முன்னால் எல்லைக்கோட்டைப் போடு. பக்கம் முழுக்க ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பாக. ஆட்களைப் பிறகு நிறுத்து. நான் எல்லா வாரமும் அப்படித்தான் செய்தேன். யார் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்தால், அவன் என்ன பேசுவான் என்பது தானாக வரும். காவலாளியைக் கெட்டவனாக்காதே, அவனுக்கும் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். ராக்கியண்ணன் மனைவியை நிலாவுக்குக் கூட்டிப் போகாமல் விட்டுவிட்டாய். அடுத்த புத்தகத்தில் அவள் கேட்கிற கேள்விக்கு அவனால் பதில் சொல்ல முடியாது, உன்னாலும் முடியாது. இப்போதே இடம் ஒதுக்கி வை. உன் பெயர் இல்லாமல் எந்தப் படத்தையும் யாரிடமும் கொடுக்காதே. காப்பி வாங்கிக் கொடுத்துச் சிரிக்கிற முதலாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது காப்பியைக் குடி, ஆனால் எழுந்து வரும்போது பேசியதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வா. யாரையாவது மறக்க முடியவில்லை என்றால் மறக்காமலே இரு, மன்னித்துவிட்டதாக நடிக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் மேலுள்ள கோபத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடாதே. அவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. உனக்குத்தான் நஷ்டம்.

எனக்குச் சம்மதம். மீசைக்கும் சேர்த்து. அந்த ஓவியர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்து, இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல். எனக்கு அவர் மேல் கோபம் தீர்ந்ததனால் அல்ல. கண்ணை எப்படி வரைவது என்று அவர் பார்க்கட்டும். உன் மாமனுக்குப் பிரதி இலவசமாகக் கொடுக்காதே, கடையில் வாங்கச் சொல்.

அட்டைப் படத்துக்கு யாரையோ வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அவர் வேண்டாம் என்று அச்சகத்தாரிடம் சொல்லிவிடு. நான் வரைந்துகொண்டிருக்கிறேன். ராக்கியண்ணன் தன் வீட்டின் இரண்டு வாசலையும் திறந்து வைத்து நடுவில் நிற்கிறான். மீசைதான் படுத்துகிறது. முதலில் பூனைக்கு வருவதுபோல வந்தது. பிறகு ஒரு பக்கம் கொச்சியிலும் மறுபக்கம் மலபாரிலுமாக இழுத்துக்கொண்டு போயிற்று. உன் அம்மா பின்னால் நின்று, "இன்னுங் கொஞ்சம் முறுக்கோணுமுங்க" என்கிறாள். முறுக்கிக்கொண்டிருக்கிறேன். நீ அதற்குள் ஸ்டோர்க்காரரிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு, மதுரைக்கு பஸ் ஏறு.

உன் அப்பா